கோணி நின்ற ஆசனம்



நாயாற்றுக் கடற்கரையில் கரைவலை இழுப்பதை உங்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். காணாதவர் கேட்டாவது இருப்பீர்கள். கடலுள் வளைத்துப் போட்ட வலையின் இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டத்தார் பிடித்துக்கொள்வர். இரு கூட்டத்தாரும் ஒரே வேகத்தில் இழுத்தால் வலையின் மடி நேராகக் கரையை நோக்கி வரும். ஒரு பக்கத்தார் பத்துப் பாகம் முந்திவிட்டார்களாயின் வலை கோணிக்கொள்ளும், மீன் தப்பும், இழுப்பவர் கைகளுக்கும் பாரம் இரட்டிப்பாகும். ஆதலால் வலையை நடத்துபவர் இரு பக்கத்தையும் மாறி மாறி நோக்கி, இப்பக்கம் சற்று நில்லுங்கள், அப்பக்கம் இழுங்கள் என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மீன்பிடி அன்று. மோட்டார் காரின் ஆசனம். ஆயினும் கரைவலையைச் சொல்லாமல் இதனைத் தொடங்க என்னால் இயலவில்லை. காரணம் போகப் போக விளங்கும்.

என் மருமகள் ஓர் ஆசிரியை. முல்லைத்தீவிலிருந்து கடலோரமாகத் தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் வழியாகக் கொக்கிளாய்க்குச் செல்லும் சாலையிலேதான் அவளுடைய அன்றாடப் பயணம். யப்பானிலே சில ஆண்டு ஓடிப் பின்னர் இங்கு இறக்குமதியான சிறிய கார் ஒன்று வைத்திருக்கிறாள். சாரதியின் ஆசனம் மின்சாரத்தால் நகர்வது. பக்கத்திலுள்ள விசையைத் தொட்டால் முன்னும் பின்னும் போகும். அவள் உயரத்திற் குறைந்தவள். ஆகையால் இவ்வசதி அவளுக்கு ஆடம்பரமன்று. பிறேக் மிதியைக் கால் எட்டுவதற்கு அதுவே வழி.

சென்ற மாரியில் ஒருநாள் அடைமழையிலே காரின் தரைக்குள் நீர் புகுந்துவிட்டது. தரைவிரிப்பை உலர்த்துவதற்காகக் கராஜ் ஒன்றிலே ஆசனத்தைக் கழற்றி, மூன்று நாள் வெளியில் வைத்து, மீண்டும் பூட்டிக் கொடுத்தார்கள். அன்று தொடங்கியது தொல்லை. ஆசனத்தின் வலப்பக்கம் முன்னேயும் இடப்பக்கம் பின்னேயுமாகக் கோணிக்கொண்டது. விசையை அழுத்தினால் மோட்டார் முனகும், சிறிது நேரத்தில் அந்த முனகலும் நிற்கும், ஆசனம் அசையாது. அதுவும் பின்தள்ளிய நிலையில் அல்லவா சிக்கிக்கொண்டது! திரும்பச் சென்று கேட்டபோது, ஆசனம் முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்திலும் மிகுதி.

அவள் என்ன செய்தாள்? முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு ஓட்டினாள். நம்மிற் பலர் அப்படித்தான் செய்வோம். ஒருநாள் மாலை நாயாற்றுப் பாலத்தைக் கடந்து வரும்போது எருமைக் கூட்டம் ஒன்று சாலையிலே இறங்கிற்று. அவள் பிறேக்கை மிதித்தாள். மிதிக்கும் விசையிலே உடம்பு பின்னே தள்ளப்பட, தலையணை ஒருபுறம் நழுவ, காலின் பெருவிரல் மட்டுமே மிதியிற் பட்டது. கார் நின்றது என்னவோ உண்மை. ஆனால் எருமையின் வயிற்றை உரசிக்கொண்டு நின்றது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழப் 14 மீற்றர் கடக்கும். கால் எட்டுவதற்கு அரை விநாடி தாமதமானால் 7 மீற்றர் போய்விடும். நீளத்திற் சிறிய வள்ளம் ஒன்றின் அளவு அது. எருமைக்குப் பதிலாக ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்ற எண்ணம் அன்றிரவு அவளை உறங்கவிடவில்லை. மறுநாட் காலை என்னிடம் வந்து, "மாமா, இதை நாங்களே பார்க்கேலாதா?" என்று கேட்டாள்.

நேயர்களே, வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. 1990களில் வடபகுதிக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய அதிசயத்தை நாம் கண்டிருக்கிறோம். சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அக்கைகள் நமக்கு இன்னும் இருக்கின்றன. ஆனால் அந்தக் காரில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை; மூடியைத் திறந்தால் எல்லாம் கண்முன்னே நிற்கும். இந்தக் காலத்துக் காரோ பெரும்பகுதியைத் துணிக்குள்ளும் பிளாஸ்ரிக்குக்குள்ளும் மறைத்து வைத்திருக்கிறது. மறைந்திருப்பதால் மட்டும் அது மந்திரமாகிவிடாது. அமெரிக்காவிலே 1955ஆம் ஆண்டிலேயே போர்ட் நிறுவனத்தின் தண்டர்பேர்ட் என்னும் காரில் மின்சாரத்தால் நகரும் ஆசனம் இருந்தது. எழுபது ஆண்டுக்கு முந்திய ஏற்பாடு. அதன் எலும்புக்கூடு இன்றும் பெரிதும் மாறவில்லை.

அந்த எலும்புக்கூட்டைச் சற்று விளக்குகிறேன். ஆசனத்தின் கீழே, வலத்தே ஒன்றும் இடத்தே ஒன்றுமாக இரண்டு தண்டவாளங்கள் உள்ளன. ஒவ்வொரு தண்டவாளமும் இரண்டு சட்டங்களால் ஆனது. கீழ்ச்சட்டம் காரின் தரையோடு போல்ற்றினால் இறுக்கப்பட்டிருக்கும்; மேற்சட்டம் ஆசனத்தோடு சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு திருகுத்தண்டு. அது சுழன்றால் மேற்சட்டம் கீழ்ச்சட்டத்தின்மேல் ஊரும். தேங்காய் எண்ணெய்ச் செக்கைக் காட்டிலும், புத்தகங் கட்டுவோர் வைத்திருக்கும் திருகு அழுத்தியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

இரண்டு திருகுத்தண்டுகளுக்கும் மோட்டார் ஒன்றே. அது நடுவில் இருக்கிறது. அதிலிருந்து வலத்துக்கும் இடத்துக்கும் வளையக்கூடிய கேபிள் ஒவ்வொன்று செல்லும். பழைய கார்களின் வேகமானிக் கேபிளைப் பார்த்திருப்பீர்களே, அதே இனம். கேபிளின் முனை சதுரமானது. அது தண்டவாளத்தின் தலையிலுள்ள பற்சில்லுப் பெட்டியின் சதுரத் துளைக்குள் புகுந்து நிற்கும். மோட்டார் சுழலக் கேபிள்கள் சுழலும், பற்சில்லுகள் வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டும், இரண்டு தண்டுகளும் ஒருங்கே சுழலும். இப்போது கரைவலை நினைவுக்கு வருகிறதா? இரு கேபிள்களும் இரு கயிறுகள். ஆனால் இங்கே குரல் கொடுத்து நடத்துபவர் எவரும் இல்லை. ஒரு பக்கம் முந்தியது, மற்றது பிந்தியது என்பதை மோட்டார் அறியாது. தொடக்கத்தில் இரண்டையும் சமமாக வைத்துப் பூட்டினால் என்றும் சமமாகப் போகும். கோணலாக வைத்துப் பூட்டினால் அக்கோணலையும் உண்மையோடு காத்துக்கொண்டே போகும்.

கோணினால் ஏன் சிக்குகிறது என்று கேட்கலாம். மேசையின் லாச்சியை ஒரு மூலையிற் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது குறுக்கே விழுந்து இறுகிக்கொள்ளும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும். ஆசனமும் அவ்வாறே. மோட்டார் திணறும், திணறும்போது சூடாகும், சூடேறினால் அதன் பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடும், சில கார்களில் பியூஸ் எரிந்துவிடும். முனகல் நின்றதன் காரணம் அதுதான். மோட்டார் பழுதுபட்டது என்று எவரேனும் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அரைமணி நேரம் ஆறவிட்டு மீண்டும் அழுத்திப் பாருங்கள். மீண்டும் முனகினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது.

நாங்கள் முதலிற் செய்தது அளப்பது. ஓர் அளவுநாடாவை எடுத்து, கீழ்ச்சட்டத்தின் முன்முனைக்கும் மேற்சட்டத்தின் முன்முனைக்கும் இடையிலுள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தோம். இரண்டுக்கும் வேறுபாடு 14 மில்லிமீற்றர். கண்ணுக்கு ஒரு சாண் கோணலாகத் தெரிந்தது, நாடாவில் ஒரு விரற்கடைக்கும் குறைவு! இந்த அளவைச் சுவரில் எழுதி வைத்தோம். அளவை எழுதாமல் ஸ்பனரை எடுப்பவன் பிறகு தலையைச் சொறிவான். எனக்கு அது அனுபவம்.

முதல்நாள் மாலையே நான்கு போல்ற்களுக்கும் துரு நீக்கும் எண்ணெயை விட்டு வைத்தோம். நாயாறு ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக உள்ள இடம். அங்கே உப்புக் காற்று இரும்பைத் தின்னும். எண்ணெய் விடாமல் வலிந்து திருகினால் போல்ற்றின் தலை கையோடு வந்துவிடும், உடல் தரைக்குள் நின்றுவிடும். பின்பு ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகும்.

மறுநாள் முன்பக்கத்துப் போல்ற்கள் இரண்டையும் கழற்றினோம். அவை கழன்ற மாத்திரத்திலே ஆசனம் "டக்" என்று ஓர் ஓசையோடு தளர்ந்தது. அந்த ஓசையே எங்களுக்குப் பாதி விடையைச் சொல்லிவிட்டது. சட்டங்கள் தரைத்துளைகளோடு பொருந்தாமல் இருந்தும், யாரோ நெம்புகோலால் தள்ளி வலிந்து பூட்டியிருக்கிறார்கள். இறுக்கம் தளர்ந்தபின் விசையை அழுத்தினோம். மோட்டார் இப்பொழுது ஆசனத்தை மெல்ல முன்னே கொண்டுவந்தது, கோணலோடுதான். பின்பக்கத்துப் போல்ற்கள் வெளிப்பட்டன. அவற்றைத் தொடுவதற்கு முன் ஒரு செய்தி.

இங்கே நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசவேண்டியிருக்கிறது. இக்காலத்துக் கார்கள் பலவற்றில் ஆசனத்தின் பக்கத்தில் காற்றுப்பை ஒன்று மறைந்திருக்கும். மோதலின்போது அது கண் இமைக்கும் பொழுதுக்குள் வெடித்து விரியும். ஆசனத்தின் கீழே மஞ்சள் நிற இணைப்பான் தென்பட்டால் அது காற்றுப்பையைச் சேர்ந்தது என்று கொள்ளுங்கள். அதனைக் கழற்றுமுன் காரை நிறுத்தி, திறப்பை எடுத்து, பற்றறியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, குறைந்தது மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். காற்றுப்பைக்கான மின்சாரம் பற்றறியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் தேங்கி நிற்கும். அந்த மஞ்சள் கம்பியில் பரிசோதனை விளக்கையோ மின்அளவு கருவியையோ ஒருபோதும் வைக்கவேண்டாம். அச்சிறு மின்சாரமே அதனை வெடிக்கச் செய்யக்கூடும். இணைப்பான் கழன்றிருக்கும்போது திறப்பைப் போட்டு எஞ்சினை இயக்கவும் வேண்டாம். இவ்வளவு பொறுமை இல்லாதவர் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே நன்று.

நாங்கள் அப்படியே செய்தோம். ஆசனத்தைத் தூக்கி வந்து விறாந்தையில் சாக்கு விரித்து மல்லாத்தினோம். மருமகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இருவர் இல்லாமல் அதனைத் தூக்க முற்படவேண்டாம். கதவு விளிம்பும் போகும், முதுகும் போகும்.

கீழ்ப்புறத்தைக் கண்டபோது கதை முழுவதும் விளங்கிற்று. இடப்பக்கக் கேபிளைப் பிடித்து வைத்திருக்கும் சிறு கவ்வியைக் காணவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கட்டுக்கம்பி முறுக்கப்பட்டிருந்தது. ஆசனம் வெளியே கிடந்த நாட்களில் அந்தக் கேபிள் கழன்றிருக்கிறது. அந்நிலையில் யாரோ மோட்டாரை இயக்கியிருக்கிறார்கள். வலச்சட்டம் மட்டும் 14 மில்லிமீற்றர் நகர்ந்திருக்கிறது. பிறகு கேபிளை மீண்டும் செருகிக் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். உடைந்தது ஒன்றும் இல்லை; தேய்ந்தது ஒன்றும் இல்லை. முழு ஆசனத்தையும் மாற்றவேண்டும் என்று சொல்லப்பட்ட நோய் இதுதான்!

இவ்விடத்தில் பற்சில்லுகளையும் பார்த்துக்கொள்வது நல்லது. கேபிளின் சதுரமுனை மழுங்கி உருண்டையாகி இருந்தாலோ, பிளாஸ்ரிக் பற்சில்லின் பற்கள் உதிர்ந்திருந்தாலோ, எவ்வளவு நேராக்கினாலும் மீண்டும் கோணும். அப்போது புதிய கேபிளோ, தண்டவாளமோ தேடத்தான் வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் பழைய உதிரிப்பாகங்களுக்கு எவ்வளவு மதிப்பு ஏறியது என்பதை வாகனம் வைத்திருந்த ஒவ்வொருவரும் அறிவர். கொழும்பிலே பஞ்சிகாவத்தைக் கடைகளில் இவை கிடைக்கும். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் வாங்காமல், ஒரே ஆசனத்திலிருந்து கழற்றிய இரு தண்டவாளங்களையும் சேர்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். எக்காரணங் கொண்டும் தண்டவாளத்தை ஒட்டுவேலை செய்து பற்றவைக்க வேண்டாம். விபத்தின்போது உங்களைத் தாங்கி நிற்பது அது; பற்றவைத்த சூட்டில் உருக்கின் உறுதி கெடும்.

இனி நேராக்கிய கதை. இடப்பக்கக் கேபிளை வெளியே எடுத்தோம். அதன் உள்ளிழையை உருவி, சதுரமுனையைப் பற்சில்லுப் பெட்டியின் துளைக்குள் வைத்து, மறுமுனையைக் குறட்டினாற் பிடித்துக் கையாலேயே சுற்றினோம். மின்துளைக் கருவியைப் பொருத்திச் சுற்றினால் விரைவில் முடியும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னான். நான் உடன்படவில்லை. கையால் சுற்றும்போது எங்கே இறுகுகிறது, எங்கே மணல் நெருடுகிறது என்பது விரலுக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. மருமகள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கும் நகரவில்லை. நாற்பத்தேழாவது சுற்றிலே நாடா இருபக்கமும் ஒரே அளவைக் காட்டிற்று.

அத்தோடு விட்டுவிடவில்லை. தச்சர்கள் கதவுநிலை சதுரமாக நிற்கிறதா என்று மூலைக்கு மூலை அளப்பார்கள் அல்லவா? அதுபோலவே கீழ்ச்சட்டங்களின் நான்கு போல்ற் துளைகளையும் மூலைவிட்டமாக அளந்தோம். இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்திருந்தால் சட்டங்கள் சமமாக நிற்கின்றன. இரண்டு மில்லிமீற்றர் வேறுபாடு தெரிந்தது. மேலும் சில சுற்றுச் சுற்றி அதனையும் போக்கினோம். நாடாவை நம்ப முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இரு கேபிள்களையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத்தையும் தனித்தனியே அது போகக்கூடிய கடைசி எல்லைவரை மென்மையாகக் கொண்டுபோய் நிறுத்துவது. இரண்டும் எல்லையில் நின்றால் இரண்டும் சமம். அதன் பின்னர்க் கேபிள்களைச் செருகலாம்.

பழைய கிறீஸ் மணலோடு கலந்து தேய்ப்புத்தாள் போல் ஆகியிருந்தது. அதனை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் வெள்ளை நிறமான லிதியம் கிறீஸைச் சிறிதளவு பூசினோம். வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயையோ, எஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெயையோ விடுவாரும் உளர். கடற்கரை ஊரில் அது மணலுக்கு விருந்து வைப்பதாகும். மின் இணைப்பான்களின் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. மோட்டாருக்குச் செல்லும் இணைப்பானை மட்டும் சுத்தஞ் செய்தோம். மஞ்சளைத் தொடவில்லை. காணாமற்போன கவ்விக்குப் புதியது ஒன்று முல்லைத்தீவிலே கிடைத்தது. அதன் விலை ஒரு சோடி வாழைப்பழச் சீப்புக்குள் அடங்கிவிட்டது.

ஆசனத்தை மீண்டும் காருக்குள் வைத்தபோது எல்லாவற்றிலும் பெரிய சோதனை வந்தது. நான்கு போல்ற்களையும் ஸ்பனர் இல்லாமல் விரலாலேயே திருகிப் பார்க்கவேண்டும். விரலால் இறங்கினால் சட்டம் நேர். ஒன்றாவது இறங்க மறுத்தால், நெம்புகோலைத் தேடாமல் மீண்டும் நாடாவைத் தேடவேண்டும். எங்களுக்கு நான்கும் இறங்கின. இணைப்பான்கள் எல்லாவற்றையும் செருகி, அதன் பின்னரே பற்றறியைப் பூட்டினோம். ஆசனத்தை முன்னே கொண்டுவந்து பின்போல்ற்களையும், பின்னே கொண்டுபோய் முன்போல்ற்களையும் இறுக்கினோம். எவ்வளவு இறுக்குவது என்பதை ஒவ்வொரு காரின் கைந்நூலும் சொல்லும். பல சிறிய கார்களில் அது 40 நியூற்றன் மீற்றரை அண்டி இருக்கும். ஒரு சாண் நீளமுள்ள ஸ்பனரின் முனையில் பதினேழு, பதினெட்டுக் கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம் அது. ஆசனப்பட்டியின் பூட்டு ஆசனத்தின் உட்பக்கத்தோடுதான் சேர்ந்திருக்கிறது. ஆகையால் இந்தப் போல்ற்கள் ஆசனத்தை மட்டுமன்றி ஆளையும் பிடித்திருப்பவை. கையால் இறுக்கியதில் ஐயம் இருப்பவர்கள், முறுக்கு அளவு காட்டும் ஸ்பனர் உள்ள ஒருவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நன்று. அதற்குக் கூலி சிறிது. நாங்களும் அவ்வாறே செய்தோம்.

எஞ்சினை இயக்கியதும் காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு ஒளிர்ந்து, சில விநாடிகளில் அணைந்தது. அது அணையாமல் நின்றிருந்தால் எங்கள் வீட்டு வைத்தியம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்குரிய கருவி உள்ளவரிடம்தான் சென்றிருப்போம்.

பின்னர் மருமகளை அமரச் செய்து, பிறேக் மிதியை அடிவரை மிதிக்கச் சொன்னேன். அவ்வாறு மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்கவேண்டும். அதேவேளை மார்புக்கும் சுக்கானுக்கும் இடையே 25 சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். காற்றுப்பை விரிவதற்கு அவ்விடம் தேவை. உயரங் குறைந்தவர்களுக்கு இவ்விரண்டையும் ஒருங்கே அடைவது எளிதன்று. ஆசனத்தை முன்னே நகர்த்தியபின் சாய்வைச் சற்றுப் பின்னே தள்ளி, இரண்டுக்கும் நடுவே ஓரிடம் கண்டோம். அதற்கு மேலும் கீழும் ஒரு விரற்கடை போனால் ஒன்று கெடும். தலையணையைக் கண்டபடி வைத்து ஓட்டுவோர் இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

"சரியா எட்டுதே, பிள்ளை?" என்றேன். அவள் விடை சொல்லவில்லை. மிதியை இரண்டு மூன்று முறை அடிவரை மிதித்துப் பார்த்தாள். பிறகு பின் ஆசனத்தில் கிடந்த தலையணையை எடுத்து என் கையிலே தந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று காரைக் கிளப்பினாள்.

ஒரு மாதத்தின் பின் நாடாவோடு சென்று மீண்டும் அளந்தேன். இரு பக்கமும் ஒத்தே இருந்தன. சுவரில் எழுதிய பழைய அளவு மட்டும் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதன் கீழே புதிய அளவையும் நாளையும் அவள் கையாலே எழுதி வைத்திருக்கிறாள்.